செவ்வாய்க்கிழமை: ஒன்றும் சாப்பிடவில்லை

1

போன வாரத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. விமானத்தை விட்டு இறங்கிய அன்று என் எடை நாற்பத்து மூன்று கிலோ என்று காகிதத்தில் இருந்தது. அதில் ஒரு கிலோ பொய்.

விசாவுக்காகச் சென்னையில் ஒரு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. எலும்பும் தோலுமாகப் போய் நின்றால் காசநோய் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று திருத்தணியில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ரயிலேறினாள். திருவள்ளூர் வருவதற்குள் எட்டுப் பழம் என் வயிற்றுக்குள் போயிற்று. டாக்டர் வீட்டு வாசலில் குழாய் வேறு இருந்தது. "குடிம்மா, இன்னொரு சொம்பு குடி. மிஷின்ல ஏறி எறங்கினப்பறம் போயிக்கலாம்" என்று காதோடு சொன்னாள். நர்ஸ் எடையை எழுதிக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை, மார்பை எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரேயில் வாழைப்பழத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கு முந்தின வருஷம் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். புடவைக்குள் ரெண்டு பாவாடை, முழுக்கை ரவிக்கை. பெண் பூசினாற்போல் இருக்கிறாள் என்று வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். ஆக, எடைபோடும் மிஷினைக் கண்டால் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இந்தச் சீமையில் வந்ததில்லை, ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தது.

இப்போது ஊரிலிருந்து கடிதம் மேல் கடிதம். எப்படி இளைத்தாய், என்ன மருந்து, அங்கே மாத்திரை விற்கிறதாமே என்று கேட்கிறார்கள். மாத்திரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். படித்துவிட்டு ஏமாந்து போங்கள்.

2

நாற்பத்து மூன்று எண்பத்து மூன்றானது ஒரே நாளில் இல்லை. நான் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறேன். உடைந்த பிஸ்கட்டை வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். உடைந்ததைத் தின்றால் உடம்பு ஏறாது என்று நான் எப்படி நம்பினேன் என்று கேட்காதீர்கள். முழு பிஸ்கட்டைக் கையால் தொட்டதில்லை என்று பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த நாட்டில் மனிதர்களைக் கல் கணக்கில் நிறுக்கிறார்கள். பதினாலு பவுண்டு சேர்ந்தால் ஒரு கல். அதனால் ஊருக்கு எழுதும்போது "என் எடை இப்போது பதின்மூன்று" என்று எழுதினேன். எழுதியது பொய்யில்லை. படித்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு வேண்டுதல் மட்டும் பாக்கி. என் மகள் அமுதாவுக்கு ரெண்டு வயதில் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து படியேறி வருகிறேன் என்று திருத்தணி முருகனிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற பாவா தன் பங்குக்கு, அது நிறைவேறும்வரை கறி மீன் தொடமாட்டேன் என்றார். பாவா என்றால் என் வீட்டுக்காரர். தூரத்து அத்தை மகன், பள்ளிப்பட்டுக்காரர். தெலுங்கு கலந்த எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் ஏதோ துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிற மனிதர். அவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் மற்றவர்கள் பொரித்த மீனைப் பிரித்து வைத்துச் சாப்பிடும்போது இவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். ஏழு வருஷம் அப்படி இருந்தார்.

ஏழு வருஷம் கழித்து ரெண்டு பேருக்கு மட்டும் விமானச் சீட்டு வாங்க முடிந்தது. நானும் அமுதாவும் போனோம்.

மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. சின்ன வயதில் நான் அதில் ஓடி விளையாடியவள். அன்று நூற்று நாற்பதாவது படியில் கண் இருட்டிக்கொண்டு வர, உட்கார்ந்துவிட்டேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் பால்குடத்தோடு ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். கூட வந்த அண்ணி, என் அண்ணன் சம்சாரம், பத்து படி மேலே நின்றுகொண்டு மலைக்கே கேட்கும்படி பேசினாள்.

"இன்னா சரோஜா, உக்காந்துட்ட? லண்டன்ல இன்னாத்தப் போட்டு வளக்கறாரு எங்க அண்ணன்? மூட்டையாட்டம் வந்துகீற! எறங்கு எறங்கு, வண்டி வச்சிகினு ரோட்டு வழியா போலாம்."

இறங்கினேன். வாடகைக் கார் பிடித்து வண்டிப் பாதையில் மேலே போய் சாமி பார்த்தோம். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான் ஊர் முழுக்கச் சொன்னாள்.

லண்டன் விமான நிலையத்தில் பாவா, பெட்டியைக்கூட வாங்காமல், "ஏறிட்டியா?" என்று கேட்டார்.

"ஆங், ஏறிட்டேன்."

அமுதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாவா ரெண்டு கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தார். நானே குழம்பு வைத்தேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்ல வாய் வரவில்லை. அடுத்த தடவை போய் ஏறிவிட்டால் பொய் நிஜமாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏற வேண்டுமானால் இளைக்க வேண்டும்.

3

இங்கே பணம் கட்டி இளைக்கிறார்கள். புதன்கிழமை சாயந்திரம் சர்ச்சை ஒட்டிய கூடத்தில் முப்பது பெண்கள் கூடுவார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக மிஷினில் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் நடக்கும் கூத்தை நீங்கள் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றுவார்கள், கடிகாரத்தை, பெல்ட்டை, காதுத் தோட்டைக் கழற்றுவார்கள். ஒருத்தி பல் செட்டையே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு ஏறினாள். பொக்கை வாயோடு அரை பவுண்டு குறைந்ததற்கு முப்பது பேரும் கைதட்டினார்கள்.

நடத்துகிறவள் மிஸஸ் ஹார்ட்லி. பென்சில்போல ஒல்லி. சேரும்போது நாலு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தாள். எனக்கு இங்கிலீஷ் கடைக்குப் போகிற அளவுக்குத்தான் வரும், அதனால் அமுதாவைக் கூட்டிப்போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஏமி என்று பெயர். என்னோடு வெளியே வந்தால் ரெண்டடி தள்ளித்தான் நடப்பாள். படிவத்தில் ஒரு கேள்வி, உங்கள் எலும்பு சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று.

"பெரிசுன்னு எழுது" என்றேன்.

"மம், எல்லாருமே பெரிசுன்னுதான் எழுதியிருக்காங்க" என்றாள் மற்றக் காகிதங்களை எட்டிப் பார்த்துவிட்டு.

என் முறை வந்தபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னாள் மிஸஸ் ஹார்ட்லி. தாலியைக் கழற்றி எடை குறைக்கிற அளவுக்கு எனக்கு அவசரமில்லை என்று அமுதாவைச் சொல்லச் சொன்னேன். அவள் என்ன சொன்னாளோ, சங்கிலியோடு ஏறினேன். பதின்மூன்று கல், ஒரு பவுண்டு. உங்களுக்குத் தெரிகிற மாதிரி சொன்னால் எண்பத்து மூன்று கிலோ. என்ன சாப்பிடுகிறோம் என்று தினமும் எழுதிவர ஒரு நோட்டும் கொடுத்தாள்.

4

வீட்டுக்கு ஒரு எடை மிஷினும் வாங்கினேன். அதைப்போல ஒரு அற்பப் பிறவி உலகத்தில் கிடையாது. திங்கட்கிழமை எண்பத்து ரெண்டரை என்று சொல்லி நம்மை ஆட வைக்கும். செவ்வாய்க்கிழமை அதே காலைக் கழுவிக்கொண்டு ஏறினால் எண்பத்து மூன்றேகால் என்னும். நடுவில் முக்கால் கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. ஓரமாக நகர்த்தி வைத்துப் பார்த்தேன், ஒற்றைக் காலில் நின்றுகூடப் பார்த்தேன். மரியாதை தெரியாத மிஷின்.

அதனால் குறைந்த நாளில் மட்டும் நோட்டில் எழுதினேன். கூடிய நாளில் மிஷின் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம் அமுதாவின் வகுப்பில், தினமும் மாறுகிற ஏதாவது ஒன்றை அளந்து கோடு வரைந்துவரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் மழையை அளந்தார்கள், செடியை அளந்தார்கள். என் பிள்ளை என் நோட்டை எடுத்துப்போய் வரைந்தாள். வாத்தியாரம்மா சிவப்பு மையில், "கோடு அழகாக இறங்குகிறது. ஆனால் முப்பது நாளில் பதினெட்டு நாளைக் காணோமே, அவை எங்கே?" என்று எழுதியிருந்தாள்.

"எங்கே மம்?" என்றாள் அமுதாவும்.

"போடி, வேலையைப் பாரு" என்றேன்.

5

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம். விரதம் என்றால் அன்று சோறு கிடையாது. காலையில் பாலும் ரெண்டு பழமும். மத்தியானம் ரவை உப்புமா. சாமிக்குப் படைத்த கேசரி கொஞ்சம், அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சாயந்திரம் ரெண்டு வடை. ராத்திரி இட்லி. அன்று யாராவது "சாப்டியா?" என்று கேட்டால், "இல்லிங்க, இன்னிக்கி விரதம், டிபன்தான்" என்போம். திருத்தணியில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பொய் சொல்கிறோம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. மிஸஸ் ஹார்ட்லி கொடுத்த நோட்டில் ஒவ்வொரு வாரமும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுத்தமான மனசோடு எழுதினேன், செவ்வாய்க்கிழமை: ஒன்றும் சாப்பிடவில்லை.

ஆறாவது வாரம் புதன்கிழமை மிஷினில் ஏறினேன். ரெண்டு பவுண்டு கூடியிருந்தது. மிஸஸ் ஹார்ட்லி நோட்டைப் புரட்டினாள். முகம் வெளுத்துவிட்டது.

"நாள் முழுக்கப் பட்டினி கிடந்து மறுநாள் ரெண்டு பவுண்டு கூடுகிறதா? ஆறு வாரமாக இப்படியா? இது ஏதோ வியாதி. உங்கள் டாக்டருக்கு இன்றைக்கே கடிதம் எழுதுகிறேன்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சாமிக்காகப் பட்டினி கிடக்கும் பாவப்பட்ட பெண் என்று ஒருத்தி என் தோளைக்கூடத் தடவினாள். எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கம்போல் கூட வந்திருந்த அமுதா இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள். "பட்டினி எல்லாம் இல்லை. நேற்று எட்டு இட்லி சாப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வடை. அதுக்கு முன்னாடி உப்புமா."

இட்லி என்றால் என்ன என்று மிஸஸ் ஹார்ட்லி கேட்டாள். அமுதா ரெண்டு கையையும் குவித்து அளவு காட்டினாள். அவ்வளவு பெரிய இட்லியை நான் சுட்டதே இல்லை. பல் செட் கழற்றியவள் பொக்கை வாயால் சிரித்தாள். சாப்பாடு இல்லை, டிபன், டிபன் என்று நான் மூன்று தடவை சொன்னேன். ஒருத்திக்கும் புரியவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் கத்த ஆரம்பித்தேன். பாவா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் விரதம் என்று தொடாமல் எடுத்து வைத்திருந்த கறிக்குழம்பு அன்று அவர் தட்டில் இருந்தது.

"அத்தினி பேரு எதிர்ல என்னைக் காட்டிக் குடுத்துட்டா பாவா உங்க பொண்ணு! பெத்த தாயைப் பார்த்துச் சிரிக்கறாளுங்க!"

விஷயத்தைக் கேட்டுப் பாவாவும் சிரித்தார். "இன்னாத்துக்கு இப்பக் கத்திகினு கீற? எட்டு இட்லி துன்னது நெசந்தான? நீ விரதம் இருக்கற அன்னிக்கித்தான் மாவு சீக்கிரம் காலியாவுது."

"நீங்களும் சிரிங்க. அவளுக்கு எடம் குடுத்ததே நீங்கதான். இன்னிக்கி அவளுங்ககிட்ட சொன்னவ நாளைக்கு இன்னா சொல்லுவாளோ!"

அமுதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "நான் காட்டிக் கொடுக்கல. நீ படி ஏறாததை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? ஒரு வருஷமா சொல்லலையே?"

பாவாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எந்தப் படி?" என்றார். கேட்டது அவளை, பார்த்தது என்னை.

நான் குழம்புச் சட்டியை எடுத்து மூடினேன். அவர் திரும்பவும் கேட்டார். "எத்தினி படி ஏறின?"

"நூத்தி நாப்பது."

தட்டில் ரெண்டு துண்டு கறி மிச்சம் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவினார். துண்டில் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வருஷமா துன்னுகினு கீறேன். சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டித் தப்பித்திருப்பேன். அந்த வாரத்திலிருந்து அவர் தட்டில் மறுபடியும் தயிர்சாதம். அவர் வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

7

அந்தச் சண்டைக்கு மறுநாள் காலையில் அமுதாவைக் குளியலறைக்குக் கூப்பிட்டேன். மிஷினில் ஏறி நின்றுகொண்டு, "இன்னா காட்டுதோ நீயே பார்த்து எழுது. நான் இன்னா சொன்னாலும் கேக்காத" என்றேன். எண்பத்து மூன்றரை என்று எழுதினாள். அந்த நோட்டில் கூடிய எண் ஏறியது அதுதான் முதல் தடவை.

பிறகு எல்லாமே ஏறியது. செவ்வாய்க்கிழமைக்குக் கீழே இட்லி, வடை, கேசரி. உப்புப் பார்க்க வாயில் போட்டது. அமுதா மிச்சம் வைத்த உருளைக்கிழங்கு வறுவல். உடைந்த பிஸ்கட்டை அவள் மேஜைமேல் பரப்பி, துண்டுகளைச் சேர்த்து வைத்து, எத்தனை முழு பிஸ்கட் ஆகிறது என்று கண்டுபிடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் பதினேழு. பதினேழு முழு பிஸ்கட்டை யாராவது ஒரே நாளில் தின்பார்களா என்று நான் அதுவரை மற்றவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக் கதவில் அமுதா கோடு வரைந்து ஒட்டினாள். இந்தத் தடவை ஒரு நாளும் விடவில்லை. அசிங்கமான கோடு. மேலே, கீழே, மேலே, மேலே, கீழே. ஊறுகாய் போட்டுச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறும். ரெண்டு நாளில் தானாக இறங்கும். மாதத்தில் அந்த நாலு நாள் வந்தால் பட்டினியே கிடந்தாலும் ஏறும். இதற்கா நான் ஆறு வாரம் மிஷினைத் திட்டினேன், அழுதேன், ஒற்றைக் காலில் நின்றேன் என்று கேவலமாக இருந்தது. ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் தெரியாது. ரெண்டு மாதக் கோட்டைத் தள்ளி நின்று பார்த்தால்தான் வலது கோடி இடது கோடியைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்சம் என்றால் உண்மையாகவே கொஞ்சம்.

மிஸஸ் ஹார்ட்லி கூடத்தில் யாரும் எனக்குக் கைதட்டவில்லை. கைதட்டு வாங்கிய பல் செட்டுக்காரி மூன்றே மாதத்தில் பழையபடி ஆகி, வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஏழு கிலோ குறைய பதினைந்து மாதம் ஆயிற்று. மருந்து கேட்டு எழுதியவர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படியுங்கள்.

8

போன ஆடியில் மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். நான் எழுபத்தாறு கிலோ. அண்ணி வாசலிலேயே என்னை நிறுத்திவைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சரோஜா, இப்டி எளைச்சிப் பூட்ட? சக்கர வியாதியா? அங்க சோறு கீறு போடறாங்களா இல்லியா?"

மூட்டை என்று மலைக்குக் கேட்கச் சொன்னதும் இதே வாய்தான். அண்ணன் என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏறினாலும் விடமாட்டார்கள், இறங்கினாலும் விடமாட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஊர் மாறவே இல்லை, அதற்காக நான் ஒன்றும் உருகிப் போகவில்லை.

கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அடிவாரத்துக்குப் போனோம். அண்ணி புத்திசாலி, வண்டியில் மேலே போய்க் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். நான் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். அவளுடைய இன்னொரு கையில் நோட்டு. பாவா தண்ணீர் பாட்டிலோடு பத்து படி பின்னால் வந்தார்.

அறுபதாவது படியில் உட்கார்ந்தேன். அமுதா எழுதிக்கொண்டாள். நூறில் உட்கார்ந்தேன். பிறகு அவள் மெதுவாக, "நூத்தி நாற்பது" என்றாள். அந்தப் படியில் உட்காரக் கூடாது என்று ஒரு வீம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். நூற்று ஐம்பத்திரண்டில் பொத்தென்று உட்கார்ந்தேன். அதையும் எழுதிக்கொண்டாள். முந்நூறு வருவதற்குள் இன்னும் ஐந்து தடவை, அதற்கு மேல் இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். அங்கிருந்து கடைசிப் படிவரை அவள் என் கையை விடவே இல்லை. ரெண்டடி தள்ளி நடக்கிற பிள்ளை அது.

மேலே அண்ணி காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, ஒரே மூச்சுல ஏறிட்டேன்னு சொல்லப் போறியா?"

பாவா எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

"பதினோரு எடத்துல உக்காந்தேன் அண்ணி. ஆனா எல்லாப் படியும் ஏறினேன்" என்றேன்.

அமுதா நோட்டைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "வேணாம் வச்சிக்கோம்மா" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "தங்கச்சி, நாளைக்கிக் கறி கெடைக்குமா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

சாமி பார்த்துவிட்டு வந்ததும் அண்ணி பஞ்சாமிர்தம் வாங்கி வைத்திருந்தாள். நான் தயங்கினேன்.

"இன்னிக்கி செவ்வாக்கெழமைன்னு பாக்கறியா? இது இன்னா சோறா? சும்மா துன்னு, விரதத்துக்கு ஒண்ணும் ஆவாது."

கையை நீட்டினேன். தின்றேன். அமுதா படியில் உட்கார்ந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, செவ்வாய்க்கிழமை என்று போட்டு, பஞ்சாமிர்தம், ஒரு கை என்று எழுதினாள்.

"ரெண்டு கைன்னு எழுது" என்று சொல்லிவிட்டு, அண்ணியிடம் மறுபடியும் கையை நீட்டினேன்.